ராஜாத்தியின் காது

வல்லக்கோட்டை,
5-9-1984

அன்பு மிகுந்த கோதண்டராமன் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகன் இளங்கோவன் வணங்கி எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் சுகம். அங்கு வாலாஜாபாத்தில் தாங்கள், அத்தை, பிள்ளைகள், இரண்டு பசுக்கள் எல்லோரும் சுகமாக இருக்க நம் முருகன் துணை இருப்பானாக. அப்பா இறந்த வருஷம் அம்மாவுக்குத் துணையாகத் தாங்கள் ஓட்டிவந்து கட்டிய ராஜாத்தி எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. போகட்டும். ராஜாத்தி உயிரோடு இருக்கிறாள். இரண்டு காதும் இருக்கின்றன. காதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஏழைப் பெண்கள் கறவை மாடு வாங்க அரசாங்கம் கடன் கொடுக்கிறது. அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டவே வேண்டாம். நல்ல திட்டம். அதனால்தான் சுப்பராயன் கண்ணில் பட்டது. சுப்பராயனைத் தங்களுக்குத் தெரியும். ரேஷன் கார்டிலிருந்து முதியோர் பென்ஷன் வரை எங்கள் ஊருக்கு எது வந்தாலும் அவர் வீட்டு வழியாகத்தான் வரும், இளைத்துப்போய் வரும். எங்கள் தெருவில் ஐந்து பெண்களிடம் கைநாட்டு வாங்கினார். "மாட்ட வாங்கிக்கினு தீனிக்கு எங்க போவ? ஆளுக்கு ஒரு பொடவ, கைச்செலவுக்குக் கொஞ்சம். மீதிய நான் பார்த்துக்கறேன்" என்றார். மீதியை அவரும் கடன் அதிகாரியும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். அந்த அதிகாரி பென்னலூரில் மாடி வீடு கட்டுகிறார். ஷிஃப்டுக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன். எங்கள் தெருப் பெண்களின் மாடுகள் அங்கே சுவராக எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஐந்து பேரில் ஒருத்தி பக்கத்து வீட்டுக் கனகம். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இரண்டு பெண் குழந்தைகள். அவளுக்குக் கிடைத்தது ஒரு நீலப் புடவை.

கடனில் வாங்கிய மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் போட வேண்டும். அதற்கு ஒருவர் நேரில் வந்து மாட்டைப் பார்த்து, காதில் நம்பர் போட்ட பித்தளை வில்லை அடிப்பார். ஐந்து வீட்டிலும் மாடு இல்லை. சுப்பராயன் நேராக அம்மாவிடம் வந்தார். "அக்கா, ஒன் மாட்ட காலையில கொஞ்ச நேரம் குடு. பாவம், பொம்பளைங்க மாட்டிக்குவாங்க." நான் கூடாது என்று கத்தினேன். அம்மா, "நீ சும்மா இருடா, கனகம் வந்து அழுதுகினு கீறா" என்று கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டது. தங்கள் அக்காளுக்கு அழுகிற ஆள் யாராக இருந்தாலும் போதும், மாமா. நாளைக்குச் சுப்பராயன் அழுதால் என்னையும் அவிழ்த்துக் கொடுத்துவிடும்.

வந்த இன்ஷூரன்ஸ்காரருடைய வில்லை அடிக்கும் குறடு ஜீப்பில் இருந்தது, ஜீப் ஒரகடத்தில் பஞ்சராகி நின்றது. குறடு வருவதற்குள் மாடுகளைப் பார்த்துவிடலாம் என்று அந்த மனிதர் நடந்தே கிளம்பினார். முதல் வீட்டில் அவர் இளநீர் குடித்து முடிப்பதற்குள் ராஜாத்தியைப் பின்பக்கமாக ஓட்டிப்போய் அடுத்த வீட்டில் கட்டினார்கள். அடையாளம் தெரியாமல் இருக்க வீட்டுக்கு வீடு கொம்புக்கு வேறு வர்ணம். நீலம் காயுமுன் சிவப்பு, சிவப்பு காயுமுன் பச்சை. மாடுகளிடம் பிரியமுள்ளவர் போலிருக்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் கொம்பைத் தடவிப் பார்த்தார், நாலாவது வீட்டில் அவர் உள்ளங்கை மாட்டுப் பொங்கல் மாதிரி இருந்தது.

"என்னய்யா, எல்லா மாடும் ஒரே மாதிரி இருக்கே?"

"ஒரே சந்தையில வாங்கினது சார். அக்கா தங்கச்சிங்க."

"எல்லாத்துக்கும் இடது கண்ணுக்குக் கீழே மச்சமா?"

"அம்மா ஜாடை சார்" என்றார் சுப்பராயன், கொஞ்சமும் கூசாமல்.

குறடு வந்து சேர்ந்தபோது ராஜாத்தி கனகத்தின் வீட்டில் நின்றாள். வலது காதில் வில்லையை அடித்தார்கள். களைத்துப்போன மனிதர் மற்ற நாலு வில்லைகளையும் சுப்பராயன் கையில் கொடுத்து, "நீங்களே அடிச்சிடுங்க" என்று குறடையும் விட்டுவிட்டுப் போனார். அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. "தாய்மாமன் இல்லாம எம்பொண்ணுக்குக் காது குத்திட்டாங்களே" என்று ஒரே புலம்பல். தங்களுக்கு எழுதாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டது. நாலு மாதம் காப்பாற்றினேன்.

போன வாரம் சுப்பராயன் மறுபடி வந்தார், கூட கத்தியோடு ஒரு ஆள். கனகத்தின் மாடு செத்துவிட்டதாக எழுதினால் இன்ஷூரன்ஸ் பணம் வருமாம், கடனும் தீருமாம். செத்ததற்கு அத்தாட்சி, வில்லையோடு காது.

"ஒரு துண்டுதான் அக்கா. மாடு இன்னா காதாலயா பால் குடுக்குது?"

அம்மா விறுவிறுவென்று தொழுவத்துக்குள் போனது. புண்ணாக்குத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு குடம் மொண்டு வந்து அவர் தலையில் கவிழ்த்தது. "ஒன் காதுல வில்லை அடிச்சிக்கினு போடா! நீ செத்தாலும் பணம் வரும்!" கத்திக்காரன் எங்கள் வேலியைத் தாண்டிக் குதித்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும், மாமா. அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.

அத்தோடு நான் சும்மா இருக்கவில்லை. மாடே வாங்காமல் ஐந்து மாட்டுக்கடன் தின்றிருக்கிறார்கள் என்று கலெக்டருக்கு மனு எழுதி, என் பெயர் போட்டுக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் இந்த நாட்டில் ஏழையின் சோறு ஏப்பம் விடுகிறவன் வயிற்றுக்குப் போகிறது. பொய்க்கு ஒத்துப்போகிறவனும் திருடன்தான். இது என் முடிவான கருத்து. என்ன வந்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். தங்கள் பசுக்களின் நெற்றியை எனக்காக ஒருமுறை தடவிக்கொடுக்கவும்.

தங்கள் அன்பு மருமகன்,
இளங்கோவன்

பி.கு.: கடிதம் நாலு நாளாகத் தபாலில் போடாமல் கிடந்தது, அதற்குள் ஒரு சேதி. மனு வேலை செய்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வந்து ஐந்து வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆள் நிறுத்தி மாடு பார்க்கப் போகிறாராம். சுப்பராயன் வில்லைகளையும் குறடையும் எங்கள் வாசலில் வீசிவிட்டுத் திருப்பதிக்குப் போய்விட்டார். காகிதத்தில் அவர் கையெழுத்து எங்கும் இல்லை, பெண்களின் கைநாட்டுதான் இருக்கிறது. மாடு இல்லையென்றால் ஜெயில் அவர்களுக்குத்தானாம். கனகம் அந்த நீலப் புடவையோடு எங்கள் படியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் திட்டவும் இல்லை. அவளுடைய சின்னப் பெண் மட்டும், "அண்ணா, எங்கம்மாவ நீதான் எழுதிக் குடுத்தியா?" என்று கேட்டாள்.

ஆகவே மாமா, தங்கள் பசுக்கள் இரண்டையும் அங்கே தங்கள் எதிர்வீட்டு எல்லப்பனுடைய இரண்டையும் வியாழக்கிழமையே ஓட்டிக்கொண்டு வந்துவிடவும். பொய் மனுக் கொடுத்தவன் என்று என்னைச் சொன்னால் சொல்லட்டும். கொம்பு வர்ணம் இங்கே மிச்சம் இருக்கிறது. நாலு காது குத்த வேண்டும். இந்த முறை தாய்மாமன் இல்லாமல் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டது.