ஒரே செவ்வாய்க்கிழமையில் ரெண்டு ராகு காலம்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அக்காவை விமானம் ஏத்தி விடணும்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சான் பிரான்சிஸ்கோல இருக்கார். விசாவுக்காக எட்டு மாசம் இழுத்தடிச்சு, ஒருவழியா அக்கா அவர்கிட்ட போய்ச் சேரப்போறா.

முந்தின நாள் வேலூர்லேருந்து அம்மா போன். "எவ்ளோ தூரம்டா? எத்தனை மணி நேரம்? பாத்துச் சொல்லு."

பாத்தேன். "பெங்களூர்லேருந்து ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர்மா. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறினா, பதினாறு மணி நேரம்."

"அப்போ புதன்கிழமை காலைல இறங்கிடுவா."

இங்க நான் "ஆமாம்மா"ன்னு வாயை மூடியிருக்கணும். படிச்ச திமிர் விடுமா?

"இல்லம்மா! பசிபிக் கடலைத் தாண்டும்போது நாள் பின்னாடி போயிடும். அங்க அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு இறங்குவா!"

அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டற சத்தம் கேட்டுச்சு.

"செவ்வாய்க்கிழமை மூணுலேருந்து நாலரை ராகு காலம். கிளம்பின ஒரு மணி நேரத்துல இங்க ஒண்ணு. இறங்குறதுக்கு முன்னாடி அங்க ஒண்ணு. ஒரே நாள்ல ரெண்டாடா?"

கணக்கு சரிதான். சொல்லிக்கொடுத்ததே நான்தானே!

"டிக்கெட்டை மாத்து."

"முடியாதும்மா."

"அப்போ பரஸ்தானம் வெச்சுடு."

அதாவது, நல்ல நேரத்துல ஒரு பையை மட்டும் பக்கத்து வீட்ல கொண்டுபோய் வெச்சுட்டா, பயணம் அப்பவே ஆரம்பிச்சதா கணக்கு. ராகுவும் இதை நம்பிடுவாராம்.

காலைல ஆறரைக்கு நல்ல நேரம். பெட்டி ரெண்டும் கனம். கைக்கு அகப்பட்ட தோள்பையை எடுத்து, பெங்களூர் ஈஜிபுராவுல எங்க எதிர் வீட்டு மணி அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன்.

ஒன்பது மணிக்கு அக்கா அலறினா. "டேய், என் தோள்பை எங்கடா? பாஸ்போர்ட் அதுலதான் இருக்கு!"

எதிர் வீட்ல பூட்டு. மணி அண்ணன் பொம்மசந்திராவுல இருக்கற கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போயாச்சு. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது.

எடுத்தேன் பைக்கை. ஓசூர் ரோடு முழுக்க லாரி.

கம்பெனி கேட்ல செக்யூரிட்டி மறிச்சார். "யாரு பேக்கு?"

கன்னடத்துல 'யார் வேணும்'னு கேக்கறார். மூணு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆனா அன்னிக்குப் பதட்டம். யாரோட பைன்னு கேக்கறார்னு நினைச்சு, "அக்கா பேக்கு!"ன்னேன்.

"இல்லி யாரும் அக்கா இல்லப்பா." இங்க அக்கான்னு யாரும் இல்லையாம்.

"அய்யோ சார், அக்கா பேக்கு! அக்கா பேக்கு!"

எனக்குச் சத்தமாப் பேசவே வராது. அன்னிக்கு ரோடே திரும்பிப் பாத்துச்சு.

உள்ளேருந்து ஒரு தமிழ்க்காரர் வந்து தோளைத் தட்டினார். "ஏம்ப்பா, கூடப் பொறந்தவளை நடுரோட்ல பேக்குன்னு திட்டறியே, நல்லாவா இருக்கு?"

விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் மணி அண்ணனைக் கூப்பிட்டு விட்டார். அண்ணன் சிரிச்ச முகத்தோட வந்தார். "பையை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன் தம்பி. கவலையேபடாத!"

வீட்டுச் சாவி, பீரோ சாவி ரெண்டையும் பிடுங்காத குறையா வாங்கிட்டு ஓடி வந்தேன்.

பையோட அக்காவை டாக்சியில திணிச்சு ஏர்போர்ட் சேரும்போது மணி ஒண்ணே கால். கவுன்ட்டர் ஒரு மணிக்கே மூடியிருக்கணும். அக்கா அழவே ஆரம்பிச்சுட்டா.

கவுன்ட்டர் பொண்ணு நிமிர்ந்து பாத்தா. "விமானம் ஒன்றரை மணி நேரம் லேட் மேடம். பாஸ்போர்ட் குடுங்க."

விமானம் மூன்றரைக்குக் கிளம்பிச்சு. அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தியாடா! பரஸ்தானம் வெச்சதாலதான் விமானமே அவளுக்காகக் காத்துக்கிட்டு நின்னிருக்கு!"

நான் எதிர்த்துப் பேசல. அது கிளம்பின நேரத்தையும் சொல்லல.