முள்ளம்பன்றி வாசலில் ஸ்ட்ராபெரி

ஒரு காட்டில், மேகம் வந்து முட்டுகிற மலைச்சரிவில், சடையப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. நல்ல பிராணி. வயிறுதான் சரியில்லை. மழை பிடித்தால் போதும், வளைக்கும் புதருக்குமாக ஓட வேண்டும். வளை வாசலில் காட்டு ஸ்ட்ராபெரி படர்ந்திருந்தது. அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கும். வயிறு அடங்கும். அவ்வளவுதான் வைத்தியம்.

ஒருநாள் மந்தி கேட்டது. "என்னண்ணே, இப்பல்லாம் புதர்ப்பக்கம் ஆளையே காணோம்?"

சடையப்பன் சொல்லித் தொலைத்தது.

மந்தியிடம் எவனோ சுற்றுலாக்காரன் தவறவிட்ட போன் இருந்தது. உடனே வீடியோ போட்டது. "மக்களே, பழம் இதயம் மாதிரி இருக்கா? அப்ப இதயத்துக்கு நல்லது. சிவப்பா இருக்கா? ரத்தம் ஊறும். இலை மூணு மூணா இருக்கா? வாதம், பித்தம், கபம். வேற என்ன ஆதாரம் வேணும்?"

மறுநாள் விடியும்போதே வளை வாசலில் வரிசை. கரடிக்கு இடுப்பு இளைக்க வேண்டும். காட்டுப்பன்றிக்குப் பல் வெளுக்க வேண்டும். காட்டெருமைக்கு, கோபித்துக்கொண்டு போன வீட்டுக்காரி திரும்பி வர வேண்டுமாம்.

சடையப்பனுக்கு அன்றைக்கென்று வயிறு கலக்கியது. நேரே செடியிடம் போனது.

"யோவ், வரிசையில வா," என்றது காட்டுப்பன்றி.

"இது என் வாசல்யா."

"வாசல் உன்னுது. வரிசை எல்லாருக்கும் பொது."

போய் நின்றது. பாதியில் வயிறு பொறுக்கவில்லை. புதருக்கு ஓடித் திரும்பினால் கடைசி ஆள். மறுபடி நின்றது. மறுபடி ஓடியது. ஒருவழியாக முன்னால் வந்தபோது தரையில் வெறும் காம்புதான் இருந்தது.

சடையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தது. "இதுக்கா இத்தனை பேரு? இதெல்லாம் பழசுய்யா. இப்ப செந்தட்டிதான். மேலெல்லாம் தேய்க்கணும்."

"அது அரிக்குமே," என்றது கரடி.

"அரிக்கிறதுதான் மருந்து."

கூட்டம் செந்தட்டிப் பள்ளத்துக்கு விழுந்தடித்து ஓடியது.

சில நாள் கழித்து எல்லாம் திரும்பி வந்தன. மந்தியின் முகம் பூசணிக்காயாக இருந்தது. கரடிக்கு வீக்கத்தில் கண்ணே திறக்கவில்லை. அடிதான் விழப்போகிறது என்று சடையப்பன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டது.

"அண்ணே," என்றது மந்தி, சொறிந்துகொண்டே. "உள்ள இருந்த கெட்ட நீரெல்லாம் வெளிய வருதுண்ணே. நீங்கதான் எங்களுக்கு டாக்டர். இன்னும் எத்தனை நாள் தேய்க்கணும்?"

சடையப்பன் வாசலைப் பார்த்தது. காம்பு ஓரத்தில் ஒரு துளிர், குன்றிமணி அளவுக்கு. வயிறு மறுபடி கலக்கியது.

"அந்தச் செடி நல்லாத் தழைக்கிற வரைக்கும்," என்றது. "நடுவுல அதைத் தொட்டா வைத்தியம் பலிக்காது."

சொல்லிவிட்டுப் புதருக்கு ஓடியது.

நீதி: கேட்கிறவனிடம் உண்மையான மருந்தைச் சொல்லாதே. அரிப்பைக் கொடு. டாக்டர் பட்டமும் கிடைக்கும், செடியும் தழைக்கும்.