கண்ணில் விழுந்த கரியும் தலையில் ஏறிய பூவும்

கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்,
30-3-1958

லால்குடியில் குடியிருந்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் இருக்கிற எங்களையெல்லாம் ஆண்டுவருகிற என் உடன்பிறந்த தெய்வம் அழகம்மாள் அக்காள் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி ரெங்கராஜ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபடியே எழுதிக்கொண்டது. இங்கே நானும், செல்லக்கிளியும், வள்ளிக்கண்ணுவும் ரெங்கநாதர் புண்ணியத்தில் சுகம். அங்கே தாங்களும், மச்சானும், மருமகன் மருதமுத்துவும், சினையாக இருக்கும் மாடும் சுகமென்று நம்புகிறேன். மச்சானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்த்தாரா, அல்லது வழக்கம்போல வண்டிச் சக்கரத்துக்குப் போட்டுவிட்டாரா? மாடு கன்று போட்டதா? இதற்கெல்லாம் பதில் எழுதுவதாக இருந்தால், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்து, கோபம் ஆறிய பிறகு எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா, இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். மச்சானை ஒரு சொம்பு தண்ணீரோடு பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நம் வள்ளிக்கு ரயிலில் பூ வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். பூ வைத்துவிட்டார்கள் என்றால் முழம் போட்டு வாங்கிக் கொண்டையில் சொருகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பரிசம் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் வந்து, பெண்ணை உட்காரவைத்து, இனி இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று வைப்பார்களே, அந்தப் பூ. அதுவும் மருதமுத்துவுக்காக இல்லை, வேறொருவனுக்காக. எனக்குத் தெரியாமல் நடந்தது, ஆனால் என் சம்மதத்தோடு நடந்தது. அது எப்படி என்பதை எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வள்ளி பிறந்த அன்றைக்கே இவள் என் அக்கா மகனுக்கு என்று ஊரறியச் சொன்னவன் நான். மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே, கூறைப்புடவை எடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. தாங்களோ, ஒரு கல்யாணப் பந்தியில் மச்சான் கை நனைப்பதற்கு முன்னால் நான் பாயசத்தைக் குடித்துவிட்டேன் என்பதற்காக இரண்டு தீபாவளிக்கு என்னோடு பேசாமல் இருந்தவர்கள். பாயசத்துக்கே அப்படி என்றால் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்கு எழுத்து கோணுகிறது. மேலே எழுத்து சரியாக இல்லாவிட்டால் அதுதான் காரணம்.

குளித்தலைக் கடம்பர் கோயிலுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்று செல்லக்கிளி திடீரென்று ஆரம்பித்தாள். சரி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் நேரே குளித்தலையில் இறங்கிக்கொள்ளலாம் என்றேன். "பஸ்ஸுல என்னங்க இருக்கு, ரயில்ல போனா வழி நெடுக பூவா இருக்குமாம், பங்குனி மாசம் பாத்தே ஆகணுமாம்" என்றாள். ரயிலைப் பற்றி என் அபிப்பிராயம் தங்களுக்குத் தெரியாததல்ல. நான் நாள் பூராவும் வெள்ளைத் துணிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவன். ஒரு புள்ளி அழுக்குப் பட்டாலும் முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். ரயிலில் வேலை பார்க்கிறவனுக்குப் பெண் கொடுப்பதும் கரிமூட்டைக்குப் பெண் கொடுப்பதும் ஒன்றுதான் என்று தங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தே சொல்லியிருக்கிறேன். இருந்தாலும், கல்யாணம் ஆன நாளிலிருந்து செல்லக்கிளி என்னிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்பது அபூர்வம் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை, கோட்டை ஸ்டேஷன். எப்போதும் வருகிற எஞ்சினுக்கு உடம்பு சரியில்லையாம், ஷெட்டில் ஓய்வாக நின்றிருந்த கிழட்டு எஞ்சின் ஒன்றைப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். புகைபோக்கி பனைமரம் மாதிரி நெட்டையாக இருந்தது, அதற்குப் பித்தளையில் ஒரு பட்டை வேறு. டிரைவர் அதை முரட்டு மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டிக்கொடுத்துத்தான் கிளப்பினார். நான் வண்டி போகிற திசையைப் பார்த்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். "அங்க வேணாங்க, எதிர்காத்து" என்றாள் செல்லக்கிளி. குடும்பத் தலைவன் எங்கே உட்கார வேண்டும் என்பதைக் குடும்பத் தலைவன் தீர்மானிப்பான் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்தேன்.

முத்தரசநல்லூர் தாண்டியதும் ஆரம்பித்தது அக்கா. நிஜமாகச் சொல்கிறேன், வாயைப் பிளந்துவிட்டேன். ஒரு பக்கம் மல்லிகை, செடி தெரியாமல் மொட்டு. இன்னொரு பக்கம் சம்பங்கி, அதைத் தாண்டிக் கோழிக்கொண்டை. கிழட்டு எஞ்சின் மெல்லப் போனதால் ஒவ்வொரு வயலையும் நின்று பார்ப்பதுபோலப் பார்க்க முடிந்தது. பூ வாசனையும் கரி வாசனையும் சேர்ந்து வந்தது, அதுகூட நன்றாகத்தான் இருந்தது. கோயில் ஊரில் இருக்கிறேன், பூக்கடை வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன், இதெல்லாம் எங்கே பூக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இன்னும் நன்றாகப் பார்க்கலாமே என்று தலையை வெளியே நீட்டினேன். அடுப்பிலிருந்து பறந்து வந்த கரித்துணுக்கு ஒன்று நேராக என் வலது கண்ணுக்குள் போய்க் குடியேறிவிட்டது.

அதற்குப் பிறகு பூ வயலை நான் காதால்தான் பார்த்தேன். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு செல்லக்கிளியைக் கேட்டுக்கொண்டே வந்தேன். "இப்ப என்ன வருது?" "கனகாம்பரங்க. வயலு பூரா தணலைக் கொட்டின மாதிரி இருக்கு." "இப்ப?" "வாழைங்க." "வாழைய யாரு கேட்டா, பூவ மட்டும் சொல்லு." "அரளிங்க. ஒரு பொம்பளை பறிச்சிட்டு நம்மளப் பாத்து கைய ஆட்டுது." "நீயும் ஆட்டு." "ஆட்டிட்டுத்தாங்க இருக்கேன்." இவ்வளவு பேச்சு நாங்கள் சேர்ந்தாற்போல் பேசிப் பல வருஷம் ஆகிறது என்று அப்போது தோன்றியது. கண் எரிந்தாலும் மனசுக்கு இதமாக இருந்தது.

ஜீயபுரத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறினார். கூடவே வெற்றிலைப் பையோடு அவர் வீட்டுக்காரர். அம்மாள் பெயர் வேலம்மாள், பெரியவர் பெயர் அம்மாசி, பூ விவசாயம் என்பதெல்லாம் செல்லக்கிளி விசாரித்ததில் என் காதில் விழுந்தது. வேலம்மாள் வள்ளிக்கு எதிரே உட்கார்ந்து, என்ன படித்தாய், என்ன சமைப்பாய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வள்ளியும் என்னிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் வண்டி பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டு மல்லிகைக் கொல்லைக்கு நடுவில் நின்றுவிட்டது. ஸ்டீம் இறங்கிவிட்டதாம், ஏற நேரமாகுமாம். ஜனங்கள் வரப்பில் இறங்கி நின்றுகொண்டார்கள். என் கண்ணுக்கு நியாயம் கேட்க இதுதான் சமயம் என்று நான் விறுவிறுவென்று எஞ்சினை நோக்கி நடந்தேன், ஒற்றைக் கண்ணால்.

அங்கே பயர்மேன் பையன் ஒருவன் கீழே நின்றான். முகம் முழுக்கக் கரி, பல் மட்டும் தெரிந்தது. "என் கண்ணைப் பாருய்யா, என் சட்டையைப் பாருய்யா" என்று சத்தம் போட்டேன். அவன் பதறவில்லை. "தேய்க்காதீங்கய்யா, தேய்ச்சா உள்ள போயிடும்" என்று சொல்லிவிட்டு, வாளியில் இருந்த தண்ணீரில் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினான். அப்புறம் சுத்தமான துண்டு ஒன்றை எடுத்து, நுனியை நனைத்து, என் இமையை மடக்கி ஒரே தொடலில் எடுத்துக் காட்டினான். எள்ளுகூட இல்லை, அதற்குத்தான் அவ்வளவு பாடு. "சட்டை சலவைக்குப் போட்டா வெளுத்துருமுங்க, கண்ணுக்கு அப்படி முடியுங்களா" என்றான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், "தினம் இந்தப் பூவெல்லாம் பாத்துக்கிட்டே போற, கொடுத்து வச்சவன்" என்றேன். "எங்கய்யா பாக்கறது, கரி அள்ளிப் போட குனிஞ்சா ஜீயபுரம், நிமிந்தா பேட்டவாத்தலை. இன்னிக்கித்தான் நின்னு பாக்கறேன்" என்று சிரித்தான். கையில் ஒரு நிதானமும் பேச்சில் ஒரு பணிவும் இருந்தது. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, அதை மறைத்து என்ன பிரயோஜனம்.

பெட்டிக்குத் திரும்பினால் வள்ளியின் தலை கொள்ளாத மல்லிகை. செல்லக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் கரி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மாசிப் பெரியவர் எழுந்து நின்று, "என் வெத்தலை வெயில்ல வாடிப்போச்சுங்க, உங்க வெத்தலையக் குடுங்க, நம்ம பாக்கை எடுத்துக்கங்க" என்றார். கூட வருகிற மனுஷர் ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்வதா? கொடுத்தேன், எடுத்துக்கொண்டேன், வாயிலும் போட்டுக்கொண்டேன். உடனே பெட்டியில் இருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள் அக்கா! யாரோ என் வாயில் சர்க்கரையைப் போட்டார்கள், அதையும் முழுங்கினேன். பெரியவர், "சம்பந்தி!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அவர் வேட்டியைவிட என் சட்டைதான் அழுக்காக இருந்தது.

எனக்கு விஷயம் புரியவே நேரமாயிற்று. "மாப்பிள்ளை யாருங்க?" என்று கேட்டேன். "இப்ப உங்க கண்ணுல கரி எடுத்து வுட்டானே, அவந்தான் எங்க மவன் பெரியண்ணன்" என்றார் வேலம்மாள். நான், அக்கா மகன் இருக்கிறான், முறை இருக்கிறது, இது செல்லாது என்று கத்தினேன். எதிரே இருந்த ஒரு தலைப்பாகைக்காரர், "பூ வச்சாச்சு, பாக்கு மாத்தியாச்சு, சக்கரையும் தின்னாச்சு. இனிமே பேசறது உங்களுக்கு மரியாதையாங்க?" என்று கேட்டார். பெட்டி முழுக்க அதை ஆமோதித்தது. அந்த நேரம் பார்த்து எஞ்சினும் விசில் அடித்துக் கிளம்பிவிட்டது. குளித்தலையில் செல்லக்கிளி வேண்டுதலை முடித்தாள். நான் சாமியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அக்கா என்னோடு பேசாமல் இருந்துவிடக் கூடாது என்று.

வீட்டுக்கு வந்ததும் வள்ளியைக் கூப்பிட்டு, "ஏதோ ரயில்ல வெளையாட்டா நடந்துபோச்சு, அப்பா போயி பேசி முடிச்சு விட்டுட்டு வரேன், பூவை எடுத்துரும்மா" என்றேன். அவள் எடுக்கவில்லை. மறுநாள் பூ வாடிக் கறுத்துப்போயிற்று, அப்போதும் எடுக்கவில்லை. அவன் பெயரே பெரியண்ணன், புருஷனைப் போய் அண்ணன் என்றா கூப்பிடுவாய் என்று கேட்டேன். "புருஷன் பேர யாருப்பா சொல்லிக் கூப்பிடுறாங்க" என்றாள். அப்புறம், "அவங்க கரி எடுத்தப்ப உங்களுக்கு வலிச்சுதாப்பா?" என்று கேட்டாள். வலிக்கவில்லை என்றேன். "அப்ப எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள். அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே முறை தங்கள் பக்கம், குற்றம் என் பக்கம். மருதமுத்து முறைமாப்பிள்ளையாக வந்து மறித்தால் மறிக்க அவனுக்கு உரிமை உண்டு. தாங்கள் கூடாது என்று ஒரு வார்த்தை எழுதினால், நானே ஜீயபுரம் போய்ப் பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அந்தப் பாக்கை மென்றுவிட்டதால் வேறு வாங்கித்தான் கொடுக்க வேண்டும். ஆனால் வள்ளி முகத்தை இப்போது ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு அந்த வார்த்தையை எழுதுங்கள். என்னோடு எத்தனை தீபாவளி வேண்டுமானாலும் பேசாமல் இருங்கள், கல்யாணப் பந்தலில் முதல் ஆளாக வந்து நில்லுங்கள், அது போதும். இந்தத் தடவை மச்சான் இலையில் பாயசம் விழுந்து, அவர் குடித்து, வாய் துடைத்து, வெற்றிலை போட்டு முடிக்கும்வரை நான் பந்திப் பக்கமே வரமாட்டேன்.

மச்சானுக்கு என் வணக்கமும், மருமகனுக்கு என் ஆசியும், மாட்டுக்குச் சுகப்பிரசவமும் ஆகுக. தங்கள் பாதத்தை இங்கிருந்தே தொட்டுக்கொள்கிறேன், உதற வேண்டாம்.

குற்றவாளித் தம்பி,
ரெங்கராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு தபால்பெட்டிக்குக் கிளம்பினால், மருதமுத்து கத்தரிக்காய் மூட்டையோடு வாசலில் நிற்கிறான். உள்ளே வாப்பா என்றேன். செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, பரிசத்துக்கு எந்த நாளுன்னு வேலம்மா பெரியம்மா சொன்னாங்களா? அம்மா கேட்டுட்டு வரச் சொல்லிச்சு" என்கிறான். கடிதம் என் கையில் இருக்கிறது அக்கா, உனக்கு யார் சொன்னது? உட்காரவைத்து விசாரித்தேன். வேலம்மாளின் தங்கை உன் அடுத்த வீடாம். ரயில் எது, பெட்டி எது, வெற்றிலை கேட்பது யார், எல்லாம் உன் ஏற்பாடாம். வள்ளியைக் கட்டிக்கொள்ள அவனுக்கு இஷ்டமே இல்லையாம். "சின்ன வயசுல அவகிட்ட வாங்கின குட்டு இன்னும் வலிக்குது மாமா" என்கிறான். அதை என்னிடம் சொன்னால் தம்பி மனசு உடைந்துபோகும் என்று நீ பயந்தாயாம். செல்லக்கிளிக்கும் எல்லாம் தெரியுமாம். கூப்பிட்டால் அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்குகிற சத்தம் மட்டும் கேட்கிறது. வண்டி நடுவழியில் நின்றதும் என் கண்ணில் கரி விழுந்ததும் மட்டும் யார் ஏற்பாடும் இல்லையாம். காலையிலிருந்து எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, இவனிடமே கொடுத்தனுப்புகிறேன், முழுக்கப் படி. இவ்வளவு பேரும் சேர்ந்து ஒரு ரயிலையே பிடிப்பதற்குப் பதில் என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா? முடியவே முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.