பாக்டீரியா அண்ணன் கேட்ட கேள்வி

நெய்வேலி டவுன்ஷிப்பில் அடுத்தவர் வயிற்றைப் பற்றி, அந்த வயிற்றுக்கு உரியவரைவிட அதிகம் கவலைப்பட்டவர் ஒருவர்தான். எங்கள் பிளாக்கில் அவருக்குப் பெயர் பாக்டீரியா அண்ணன்.

அனல்மின் நிலைய லேபில் பாய்லர் தண்ணீரைச் சோதிப்பது அவர் வேலை. அந்தத் தண்ணீரில் எதுவுமே இருக்கக் கூடாதாம். அந்தக் குறையைக் குவார்ட்டர்ஸில் தீர்த்துக்கொண்டார். சமையலறை முழுக்கத் தயிர், மோர், பழைய சோறு. அதில் வாழும் பாக்டீரியாவை "எல்லாம் நம்ம பசங்க" என்பார். யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க மாட்டார். "காலையில ஒழுங்கா போச்சுங்களா?" என்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த சீஃப் எஞ்சினியரிடமே கேட்டிருக்கிறார்.

நானோ, வாட்ஸ்அப்பில் கிருமி என்று படித்தாலே எழுந்துபோய்க் கை கழுவுகிறவள். ஒன்றரை வயது மகனுக்குக் காதில் சீழ் வந்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, காது சரியானதும் வயிறு போக ஆரம்பித்தது. டாக்டர் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தயிர் சாதமும் கொடுக்கச் சொன்னார். பிள்ளை துவண்டு கிடந்தான்.

விஷயம் தெரிந்து அண்ணன் ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து தந்தார். மறுநாள் நைட் ஷிப்ட் முடிந்த கையோடு வாசலில் நின்றார்.

"என்னா தங்கச்சி, நின்னுச்சா?"

"இல்லண்ணே. நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடுத்தேன்."

அண்ணன் பிளான்ட் ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மொத்தப் பேரையும் வேக வெச்சிட்டியேம்மா!"

"கிருமி இருக்குமோன்னு பயந்து..."

"கிருமி இருக்கட்டும்னுதான குடுத்தேன்!" படியில் உட்கார்ந்துவிட்டார். "புள்ள வயித்துல கோடிக்கணக்குல நல்ல கிருமி வேல செஞ்சிகினு கெடக்கு. சோத்த செரிக்க வெக்கும், கெட்டதுங்கள அண்ட வுடாது. எல்லாம் பர்மனென்ட் ஆளுங்க. மருந்து காதுல இருந்தத அடிக்கச் சொல்ல இதுங்களயும் சேத்து அடிச்சிடுச்சி. தயிர்ல வர்றது கான்ட்ராக்ட் ஆளுங்க, நாலு நாள்தான் தங்கும். பர்மனென்ட் ஆளு திரும்பி வர்ற வரைக்கும் ஷிப்ட் ஓடணுமில்ல?"

அவர் போனதும் டாக்டருக்குப் போன் செய்தேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொதிக்க வைக்காதீங்கம்மா, அப்படியே குடுங்க" என்றார். அண்ணனிடமிருந்து இன்னொரு கிண்ணம் தயிர் வந்தது. கொதிக்க வைக்கவில்லை. ஸ்பூனை மட்டும் மூன்று முறை கழுவினேன்.

மூன்றாம் நாள் காலை, கீழே சைக்கிளோடு அண்ணன். "தங்கச்சி!"

டயப்பரைக் கையில் பிடித்தபடியே பால்கனிக்கு ஓடினேன். "கெட்டியா போச்சுண்ணே!"

பிளாக் முழுக்கக் கேட்டுவிட்டது. எதிர் வீட்டில் யாரோ கை தட்டினார்கள். அண்ணன் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டே போனார்.

இப்போது நாங்கள் வேறு ஊரில். மகன் பள்ளிக்கூடம் போகிறான். என்ன மார்க், என்ன ரேங்க் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். காலையில் ஒழுங்காகப் போச்சா என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.