சகலை கார் நின்ற இடம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வயிற்றெரிச்சலில் கார் வாங்கிய ஒரு கணக்கு வாத்தியாரின் கதை சொல்கிறேன்.

அன்று காலை அவர் காரில் பதினெட்டு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. பத்தரை மணி ரயிலில் மாமியார் வருகிறார். "இந்தத் தடவை பெரிய மாப்பிள்ளை வரட்டும்" என்று தன் வாயாலேயே சொல்லியிருந்தார். வழக்கமாக அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போவது சின்ன மாப்பிள்ளை, அதாவது வாத்தியாரின் சகலை.

ஆறு மாதத்துக்கு முன்பு சகலையின் புதுக் கார் ஒரு சார்ஜிங் நிலையத்தில் ஜம்மென்று நிற்பதைப் பார்த்தார் வாத்தியார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதமே அவரும் கரண்ட் கார் வாங்கிவிட்டார். சகலையிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவோ, அந்தக் காரில் ஒரு தடவை ஏறவோ மானம் இடம் கொடுக்கவில்லை. குடியிருப்பதோ மூன்றாவது மாடி. சார்ஜ் போட ஊரெல்லாம் அலைச்சல்.

முதல் நிலையத்தில் மெஷின் ஆப் கேட்டது. போனில் இறக்கினார். பிறந்த தேதி முதல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "பழுது" என்றது ஆப்.

இரண்டாவது நிலையத்தில் பிளக்கைச் செருகினார். மெஷின் அணைந்தது. பிளக் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. உதவி எண்ணில் இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகுதான் விட்டது.

மனைவி போன் செய்தாள். "அம்மா பிளாட்பாரத்துல நிக்கிறாங்க. எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்."

"கார் வாங்கின நாள்லேருந்து வந்துட்டேதான் இருக்கீங்க. தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன், அவர் போறாரு."

"வேண்டாம்! இதோ அஞ்சே நிமிஷம்!"

ஏசியை அணைத்து, வேர்த்து விறுவிறுத்து, நான்கு சதவீதத்தில் மூன்றாவது நிலையத்தை எட்டினார். அங்கே இருந்தது ஒரே மெஷின். அதன் முன்னால் வேப்பமரத்தடியில், சுவரை முட்டிக்கொண்டு நின்றது சகலையின் கார்!

எதிரே இருந்த தன் ஆபீஸிலிருந்து சகலை ஓடி வந்தான். "அண்ணே, நீங்க நிதானமா சார்ஜ் போடுங்க. அத்தையை நான் கூட்டிட்டு வந்துடறேன்." சர்ரென்று கிளம்பிவிட்டான்.

வாத்தியாருக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. நிலையத்துக் காவல்காரரிடம் பாய்ந்தார். "இவனுக்கு மட்டும் எப்படிய்யா இடம் கிடைக்குது? இன்னைக்கு எத்தனை சதவீதம் ஏத்தினான்?"

"சார்ஜா? அது பெட்ரோல் கார் சார். வாங்கின நாள்லேருந்து நிழலுக்காக இங்கதான் நிறுத்துறாரு!"

உங்கள் வீட்டு வாசலில் நிழலும், உள்ளே வெளிச்சமும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.