பதினேழாம் அத்தியாயம்

லிஃப்ட் கதவு மூடியதும் கோதண்டராமன் கேட்டார்.

"பதினேழாம் அத்தியாயம் படிச்சீங்களா?"

தப்பிக்க வழியில்லை. லிஃப்டில் அவரும் தர்ஷினியும் மட்டும்தான் இருந்தார்கள்.

"படிச்சேனே அங்கிள்."

"படிச்சிட்டுமா அதை நம்ம லைப்ரரிக்கு வாங்கினீங்க?"

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதை வெட்கம் என்று நினைத்திருப்பார். உண்மை வேறு. அவள் 'கறுப்பு மெழுகு' நாவலைப் பன்னிரண்டாம் அத்தியாயம் வரைதான் படித்திருந்தாள்.

அது அவளுடைய பழைய வியாதி. மொழிபெயர்ப்பு நாவல் என்றால் உயிர். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து பாதி நாவலைப் படிப்பாள். மீதியை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தானே கற்பனை செய்து முடித்துவிடுவாள். இவள் தங்கள் கதைகளுக்கு என்னென்ன முடிவு கொடுத்திருக்கிறாள் என்பது ஐரோப்பாவில் பல எழுத்தாளர்களுக்குத் தெரியாது.

'கறுப்பு மெழுகு' விஷயத்திலும் அதுதான் நடந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு துறைமுக நகரம். தன் கணவனைத் தூக்கிலிட்ட பிரபுவின் மாளிகைக்கே மெழுகுவர்த்தி செய்து கொடுக்கப் போகிறாள் இலோனா என்ற இளம் விதவை. பழிவாங்கப் போனாளா, மயங்கப் போனாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. பின்னட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'பதினேழாம் அத்தியாயத்தைத் தனியாகப் படியுங்கள்.' அந்த ஒரு வரிக்காகத்தான் தர்ஷினி அதை வாங்கினாள். குடியிருப்பு வாசகர் வட்டத்தின் வாட்ஸப் குழுவில், 'இதைப் படிக்காமல் செத்துவிடாதீர்கள்' என்றும் எழுதிவிட்டாள். அவள் பன்னிரண்டில் இருக்கும்போதே கோதண்டராமன் வந்து, "நான் பார்த்துட்டுத் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அவர்தான் அசோசியேஷன் செயலாளர். மறுக்க முடியவில்லை.

"அந்த அத்தியாயத்துல என்ன தப்பு அங்கிள்?" என்று இப்போது கேட்டாள். கதையைத் தெரிந்துகொள்ள ஒரு முயற்சி.

"அதை என் வாயால வேற சொல்லணுமா?"

கதவு திறந்தது. கீழே, வரவேற்பு நாற்காலிகளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத டிரெட்மில் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல இதைத்தான் எடுக்கப் போறேன்" என்றார் கோதண்டராமன். "நீங்க எழுந்து அந்தப் பதினேழாம் அத்தியாயத்துக்கு நியாயம் சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா லைப்ரரி ரூமைக் காலி பண்ணிடுவோம். டிரெட்மில் போட்டா நாலு பேருக்கு உடம்பாவது இளைக்கும்."

ஹெப்பகோடியின் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறைதான் லைப்ரரி. ஜெனரேட்டர் ஓடினால் அங்கே கவிதை வாசிக்க முடியாது. ஆனாலும் தர்ஷினிக்கு அந்த ஊரில் சொந்தம் என்று இருந்தது அந்த அறைதான். அலமாரிக்கு அவளே பெயின்ட் அடித்திருந்தாள். அதைப் போய் டிரெட்மில்லுக்குக் கொடுப்பதா?

புத்தகத்தை வாங்கி, ஞாயிறுக்குள் பதினேழைப் படித்துவிட்டால் போதும். சின்ன விஷயம்தான்.

கோதண்டராமனிடமிருந்து புத்தகம் ஃபிராங்க்ளினிடம் போயிருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டாவது மாடிக்கு ஓடினாள். ஃபிராங்க்ளினுக்குச் சிவாஜிநகரில் துணிக்கடை. தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் பேரம் பேசக்கூடியவர்.

"அண்ணா, கறுப்பு மெழுகு உங்ககிட்டயா இருக்கு?"

"அய்யோ, நேத்துதான் அனுஷாம்மா வாங்கிட்டுப் போனாங்க. ஆனா இன்னா புஸ்தகம்மா அது! நானும் எத்தனையோ வருஷமா பட்டும் சாட்டினும் தொட்டுப் பார்த்து வித்தவன். அந்த எழுத்தைத் தொட்டா அதே மாதிரி வழுக்குதும்மா."

"பதினேழாம் அத்தியாயம்..." என்று இழுத்தாள் தர்ஷினி.

"அதை எப்பிடிம்மா நான் சொல்றது? நீ சொல்லு. உனக்கு எப்பிடி இருந்திச்சு?"

தர்ஷினி அவசரமாக யோசித்தாள். நாவலின் பெயரே கறுப்பு மெழுகு. மெழுகு எங்காவது சொட்டித்தானே ஆக வேண்டும்?

"இலோனாவோட உள்ளங்கையில மெழுகு சொட்டுமே, சூடா..."

ஃபிராங்க்ளின் கண்களை மூடிக்கொண்டார். "சொட்டிச்சு பாரு! அங்கதாம்மா எனக்கு உசுரே போச்சு."

அப்பாடா என்றிருந்தது தர்ஷினிக்கு. குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காயில் பட்டிருக்கிறது.

அனுஷா ஐந்தாவது மாடி. ஒரு கம்பெனியில் மனிதவளத் துறையில் இருக்கிறாள். கதவைத் திறந்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"வா, உன்னைத்தான் திட்டணும்னு இருந்தேன். புருஷனைத் தூக்குல போட்டவன் முன்னால போய் ஒருத்தி மயங்கி நிப்பாளா? இதுக்குப் பேர் காதலா? எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தன் இருந்தான்னா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பேன்."

"புத்தகத்தைக் குடு அனுஷா, ஒரு தடவை..."

"முதல்ல பதில் சொல்லு. பதினேழை நீ எப்படி ஒத்துக்கறே?"

ஒன்பதாம் அத்தியாயத்தில் இலோனா ஒரு நீலச் சால்வை போர்த்தியிருந்தது தர்ஷினிக்கு நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ எங்க மயங்கறா? நீலச் சால்வையை எடுத்து அவன் கண்ணைக் கட்டறாளே. அங்க யாரோட கை மேல இருக்கு, சொல்லு?"

அனுஷா பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"அந்தச் சால்வைதான் எனக்குப் பிடிக்கவே இல்லை" என்றாள் அனுஷா. "ரொம்ப ஓவர்."

"இருக்கட்டும். புத்தகம்?"

"வேதநாயகி ஆன்ட்டி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

வேதநாயகி வேறு யாருமில்லை, கோதண்டராமனின் மனைவி.

அந்த வீட்டுக் கதவைத் தட்ட தர்ஷினிக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் போகும்போது இணையத்தில் தேடினாள். எங்கோ யாரோ இரண்டு பேர் விமர்சனம் எழுதியிருந்தார்கள். ஒருவர், 'பதினேழுக்காகவே ஐந்து நட்சத்திரம்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'பதினேழுக்காகவே ஒரு நட்சத்திரம்' என்று எழுதியிருந்தார். என்னதான் நடந்தது என்பதை இருவருமே எழுதவில்லை.

வேறு பிரதி வாங்கிவிடலாம் என்று சாயங்காலம் லைப்ரரி வாசலில் நின்றபடி பதிப்பகத்துக்கு போன் செய்தாள்.

"அந்தப் பதிப்பை நிறுத்தி வெச்சிருக்கோம் மேடம்" என்றது ஒரு குரல். "கடையில போனதைக்கூடத் திரும்ப வாங்கிட்டிருக்கோம்."

"நிறுத்திட்டீங்களா! ஏன்?"

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. மறுமுனையில் சொன்னது ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஃபிராங்க்ளின், வாயைப் பிளந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"புக்கை நிறுத்திட்டாங்களா? அய்யய்யோ, ஒரே பேஜாரா போச்சே!"

தர்ஷினி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாட்ஸப்பில் செய்தி வந்துவிட்டது: 'தடை செய்யப்பட்ட நாவல் நம் குடியிருப்பில்!' லைப்ரரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத பி பிளாக்காரர்கள் எல்லாம் புத்தகம் இப்போது யாரிடம் என்று கேட்டிருந்தார்கள். கீழே கோதண்டராமன் எழுதியிருந்தார்: 'நான் அப்போதே சொன்னேன்.'

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள். நல்லவேளை, வேதநாயகிதான் திறந்தாள். கையில் அதே புத்தகம், நடுவில் விரலை வைத்து மூடியபடி.

"நீயே வந்துட்டியா? உள்ள வாம்மா. இந்தப் பதினேழாம் அத்தியாயத்தைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்."

ஃபிராங்க்ளினையும் அனுஷாவையும் சமாளித்தாகிவிட்டது. இந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கிறவள். விரல்கூட அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

"இல்ல ஆன்ட்டி, சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன். நாளைக்கு மீட்டிங்ல பேசலாமே!"

"ஒரே நிமிஷம்மா. எனக்கு ஒரு சந்தேகம்..."

தர்ஷினி லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினாள்.

வழக்கமாக வாசகர் வட்டத்துக்கு வருகிறவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் நாற்காலி போதாமல் சிலர் டிரெட்மில் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அசோசியேஷன் தலைவர் வெங்கடசாமி மைக்கைத் தட்டிப் பார்த்தார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், எந்தச் சண்டையையும் பாதிக் கன்னடத்தில் முடித்து வைப்பவர்.

கோதண்டராமன் எழுந்தார்.

"குடும்பங்கள் இருக்கிற இடம் இது. புத்தகம் முழுக்க ஒரே இருட்டு. அந்தப் பொம்பளை கையில மெழுகு சொட்டுது. நீலச் சால்வையை எடுத்து அந்தாள் கண்ணைக் கட்டறா. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். படிச்சவங்களுக்குத் தெரியும்."

கூட்டம் தெரியும் என்பதுபோலத் தலையாட்டியது.

தர்ஷினிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெழுகும் சால்வையும் அவளுடைய கற்பனை. அது எப்படி அப்படியே புத்தகத்தில் இருக்கிறது? எங்கோ தூர தேசத்தில் இருக்கும் ஒரு எழுத்தாளர் மனதுக்குள் அவள் புகுந்து பார்த்திருக்கிறாள்!

"சார், அதுல இன்னா தப்பு?" என்று ஃபிராங்க்ளின் துள்ளி எழுந்தார். "மெழுகு சொட்டும்போது அந்தம்மா அழறாங்களே, அதைப் பார்த்தீங்களா?"

"அழலை, சிரிக்கறா!" என்றாள் அனுஷா. "அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கலை."

"அழுதுக்கிட்டேதான் சிரிக்கறாங்க" என்று பி பிளாக்கிலிருந்து ஒரு பெண் சமாதானம் செய்தாள். "எனக்கு அந்தக் குதிரை வந்து கதவை இடிக்கிறது மட்டும்தான் புரியலை."

குதிரையைத் தர்ஷினி கற்பனை செய்யவில்லை. அது ஆசிரியர் சேர்த்ததாக இருக்கும்.

"குதிரைன்னா ஆசைம்மா" என்று யாரோ விளக்கினார்கள். "இல்ல, செத்துப்போன புருஷனோட ஆவி" என்றார் இன்னொருவர். டிரெட்மில்லில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மூலையில் வேதநாயகி கையைத் தூக்கினாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்..."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்று கோதண்டராமன் கையமர்த்தினார். "பெரிய விவாதம் நடந்துக்கிட்டிருக்கு."

தர்ஷினி எழுந்தாள். வாரம் முழுதும் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. தான் படிக்காத பக்கத்தைச் சரியாகக் கற்பனை செய்தவளுக்கு இனி என்ன பயம்?

"அங்கிள், புத்தகம் ரொம்ப இருட்டா இருக்குன்னு சொன்னீங்க. வெளிச்சத்துல மெழுகுவர்த்தி எதுக்கு?" என்றாள்.

கைதட்டல் எழுந்தது.

"இலோனா செஞ்சது சரின்னு நான் சொல்லலை. அனுஷா கோபப்படறது நியாயம். ஃபிராங்க்ளின் அண்ணாவுக்கு உசுரு போச்சே, அதுவும் நியாயம். நாம எல்லாரும் படிச்சது ஒரே அத்தியாயம். ஆனா ஒருத்தர் பார்த்த மாதிரி இன்னொருத்தர் பார்க்கலை. ஒருத்தருக்கு அழுகை, ஒருத்தருக்குச் சிரிப்பு, ஒருத்தருக்குக் குதிரை! இவ்வளவு நாள் லிஃப்ட்ல ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா போனை எடுத்துக்குவோம். இன்னைக்குச் சண்டை போடறோம். இதைச் செஞ்சது ஒரு புத்தகம். டிரெட்மில்லால முடியுமா?"

விசில் பறந்தது. ஃபிராங்க்ளின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனுஷா, "எனக்கு அந்தப் புத்தகம் சுத்தமாப் பிடிக்கலை. ஆனா ரூம் இருக்கணும்!" என்று கத்தினாள்.

வெங்கடசாமி கைதூக்கச் சொன்னார். எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"ஆயித்து, ஆயித்து! முடிஞ்சது. ரூம் லைப்ரரிக்கே. டிரெட்மில்லை மொட்டை மாடிக்கு ஏத்திடுங்கப்பா."

அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்களே எழுந்து அதைத் தூக்கினார்கள். லைப்ரரி வாசலில் முதல் முறையாக ஒரு வரிசை உருவானது. எல்லோருக்கும் 'கறுப்பு மெழுகு' வேண்டுமாம். வரிசையின் கடைசியில் கோதண்டராமனும் நின்றார்.

"எதிர்க்கிறதா இருந்தாலும் இன்னொரு தடவை படிச்சிட்டு எதிர்க்கணும் இல்லையா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

தர்ஷினி தன் கையால் பெயின்ட் அடித்த அலமாரியில் சாய்ந்து நின்றாள். இலோனாவுக்கு நன்றி, நீலச் சால்வைக்கு நன்றி, புரியாத அந்தக் குதிரைக்கும் நன்றி. இன்றே புத்தகத்தை வாங்கி, அந்தப் பதினேழாம் அத்தியாயத்தைத் தனியாக உட்கார்ந்து ஆசை தீரப் படித்துவிட வேண்டும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேதநாயகி வந்தாள். புத்தகத்தை விரித்து தர்ஷினியின் முன்னால் நீட்டினாள்.

"இப்பவாவது சொல்லும்மா. நானும் நாலு தடவை புரட்டிப் பார்த்துட்டேன். இதுல பதினாறு முடிஞ்சதும் தப்பா மறுபடியும் பதினஞ்சையே அச்சடிச்சு வெச்சிருக்காங்க, அது முடிஞ்சா நேரா பதினெட்டு வந்துடுது. நீங்கல்லாம் அந்தப் பதினேழை எங்கம்மா போய்ப் படிச்சீங்க?"