பானை மூடிச் சத்தமும் நெல் விலையும்

பூதப்பாண்டி,
மாசி மாதம், அறுப்பு முடிந்த வாரம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை தாணுமாலயன் அவர்களுக்கு, மாமனார் நீலகண்டன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பசுவும் வயலும் சுகம். அங்கே நீங்களும், மகள் ரஷ்மியும், பேத்தியும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்த என் வீட்டுக்காரியான உங்கள் அத்தையும் சுகமாக இருக்க, நீங்கள் பெயர் சுமக்கும் சுசீந்திரத்துச் சாமி துணை நிற்கட்டும்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் ரஷ்மி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அத்தை காதில் விழுந்துவிடும். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். விஷயம் முழுக்க முழுக்க விவசாயக் கொள்கை சம்பந்தப்பட்டது. அத்தையை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்கத்தான் மாமா சுற்றி வளைக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம். கன்னிப்பூ நெல்லை அறுத்த கையோடு மகள் பிரசவத்துக்கென்று டெல்லிக்கு வந்தவள், இப்போது அடுத்த போகம் கும்பப்பூவும் அறுத்து மூட்டை கட்டியாகிவிட்டது, இருந்தால் என்ன, குழந்தைக்குப் பல் முளைக்கட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் போகட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

விவசாயியை அரசாங்கம் சும்மா விட்டாலே போதும், அவன் பிழைத்துக்கொள்வான் என்று நீங்கள் எழுதி அனுப்பிய கட்டுரையைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். விலையை அரசு சொல்லக் கூடாது, எல்லையில் சரக்கைத் தடுக்கக் கூடாது, வாங்குகிறவர்கள் போட்டி போட்டால் விலை தானாக ஏறும் என்றெல்லாம் அடுக்கியிருந்தீர்கள். மாப்பிள்ளை எழுதியதை மாமனாரே செய்து காட்டாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போது நான் நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஈரம் பார்க்கிற மிஷினில் என் நெல்லைப் போட்டார்கள், ஈரம் கூடுதல், காயப்போட்டுக் கொண்டுவாருங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். வழக்கமாக உங்கள் அத்தை ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, காய்ந்தது, காயவில்லை என்று சொல்லிவிடுவாள், மிஷினும் அதையேதான் சொல்லும். இந்தத் தடவை நான் கடித்துப் பார்த்தேன். நெல் உடையவில்லை, கடைவாய்ப் பல்தான் ஆடிப்போயிற்று, அதனால் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டியிருந்தேன். வந்த கோபத்தில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து உங்கள் கட்டுரையை அப்படியே ஒப்பித்தேன். நமக்கு எதற்கு ஐயா இந்த வரிசை, நம் நெல், நம் விலை, நம் சுதந்திரம் என்று முழங்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகுதான் புரிந்தது, வரிசையில் ஓர் ஆள் குறைந்த சந்தோஷம் அது.

வீட்டுக்கு வந்து, சந்தையை நாமே உண்டாக்க வேண்டும் என்று, கோயில் கொடைவிழாக் கமிட்டி வாட்ஸாப் குரூப்பில் 'நெல் உண்டு, விலை போட்டியின்படி' என்று போட்டேன். ஒருவர் தாமரைப் பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். ஒருவர் வைக்கோல் உண்டா என்றார். மற்ற எல்லோரும் உங்கள் அத்தையைப் பற்றி ஒரே கேள்விதான், "மைனி எப்ப வாறாவ?" நெல்லைப் பற்றிய குரூப்பில் இந்தக் கேள்வி எதற்கு, சொல்லுங்கள். போனை அணைத்துவிட்டு நானே சோறு வடித்தேன், அது கஞ்சியாக வந்தது, அதைப் பசுவும் நானும் பங்குபோட்டுக்கொண்டோம்.

கடைசியில் போட்டியும் வந்தது. நமக்கு வழக்கமாக நெல் எடுக்கிற நாகேந்திரன் ஒரு பக்கம், குழித்துறையிலிருந்து எபிசன் என்ற புது வியாபாரி ஒரு பக்கம். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இனி விலை ஏறவேண்டியதுதான் பாக்கி என்று காத்திருந்தால், நாகேந்திரன் அவனைப் பார்த்து, "ஏலே எபிசன், நீயும் அந்த மில்லுக்குத்தான் குடுக்கியா?" என்கிறான். "ஆமாண்ணே, வேற எங்க குடுக்கதுக்கு? எனக்க சரக்கு பூராவும் அங்கதான்" என்கிறான் இவன். அவ்வளவுதான், இருவரும் நாற்காலியை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு மில் முதலாளியைத் திட்ட ஆரம்பித்தார்கள். திட்டி முடித்து இருவரும் ஒரே விலையைச் சொன்னார்கள். அது என் வாயால் சொல்லக்கூடிய விலை இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும் மாப்பிள்ளை. நம் வீட்டில் விலை பேசுகிற முறை உங்களுக்குத் தெரியாது. நாகேந்திரன் முன்னறையில் உட்கார்ந்து விலை சொல்வான். நான் யோசிப்பதுபோல மோவாயைத் தடவுவேன். உள்ளே அடுக்களையில் பானை மூடி 'டங்'கென்று விழும். அவன் கொஞ்சம் ஏற்றுவான். மறுபடி 'டங்'. மறுபடி ஏற்றுவான். மூடி விழாமல் மோர் ஆற்றுகிற சத்தம் கேட்டால் விலை படிந்துவிட்டது என்று அர்த்தம், மோர் வரும், குடித்துவிட்டு எடைபோடப் போவான். நான் அடித்துப் பேசி வாங்கிய விலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது மட்டும்தான் என் பங்கு. அன்றைக்கும் நாகேந்திரன் விலையைச் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் அடுக்களைப் பக்கம் காதைத் திருப்பினான். நானும் திருப்பினேன். என்ன ஏது என்று தெரியாமல் எபிசனும் திருப்பினான். ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை மாப்பிள்ளை.

"அண்ணாச்சி, வெல சொல்லியாச்சு. உள்ள ஒண்ணும் கேக்கல்லியே?" என்றான் நாகேந்திரன்.

"அவ டெல்லியிலல்லாவே இருக்கா."

"அது தெரியும். இருந்தாலும் காது அங்கதான் போவுது."

தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று நான் அடுக்களைக்குள் போனேன். மூடியை எடுத்து, அவள் நிற்கிற இடத்திலேயே நின்று, ஓங்கிப் போட்டேன். வெளியே நாகேந்திரன் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அண்ணாச்சி, இது மைனிக்க அடி இல்ல. மைனி போட்டா நமக்கு நெஞ்சு பதறும். இது கைதவறி விழுந்ததுமாதிரி இருக்கு." மூடியில் ஒடுக்கு விழுந்ததுதான் மிச்சம். அத்தையிடம் இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் கட்டுரையில் இன்னோர் இடமும் இருக்கிறது. ஓர் ஊர்ச் சரக்கு இன்னோர் ஊருக்குத் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்கிறீர்கள். ரொம்ப சரி. ஆனால் நாஞ்சில் நாட்டிலிருந்து போன ஒன்று டெல்லியில் போய் நின்றே போயிற்றே, அது என்ன நியாயம்? அத்தியாவசியமானதை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும், எத்தனை காலம் வேண்டுமானாலும் இருப்பு வைத்துக்கொள்ளலாம், அரசு தலையிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓர் இடத்தில்தான் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு. அதற்கு ஒரு வரம்பு வேண்டும் மாப்பிள்ளை. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

தினமும் வீடியோ கால் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. பேத்தி அழகு. ஆனால் போனைக் குழந்தை பக்கமே திருப்பிவைத்திருக்கிறீர்களா, குழந்தையைப் பிடித்திருக்கிற உங்கள் அத்தையின் கை மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. வளையல் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, மெலிந்துவிட்டாள்போல. நான் பேத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அந்தக் கையையும் பார்த்துக்கொள்கிறேன்.

மற்றபடி நெல்லை எப்படியோ ஒரு விலைக்குத் தள்ளியாகிவிட்டது. முன்னறை காலி. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. அத்தை நிதானமாக, ஆண்டு நிறைவெல்லாம் முடித்து, அங்கே குளிர் வெயில் எல்லாம் பார்த்துவிட்டு வரட்டும். நீங்களும் ரஷ்மியும் பேத்தியும் நெல்லும் நீருமாக நிறைந்து வாழ, இந்தக் கிழவனின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
நீலகண்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. நெல் விற்கவில்லை. மூட்டை அத்தனையும் முன்னறையில்தான் கிடக்கிறது, அதைச் சுற்றித்தான் நடக்கிறேன். மறுநாளே நாகேந்திரன் தனியாக வந்து, "மைனி இல்லாத நேரத்துல ஏமாத்துனேன்னு பேரு வரப்பிடாது பாத்துக்கிடுங்கோ" என்று, உங்கள் அத்தை கேட்டிருந்தால் உடனே மோர் ஆற்றியிருப்பாளே, அந்த விலையையே சொன்னான். நான்தான் மாட்டேன் என்றுவிட்டேன். நெல் போய்விட்டால் அவளைக் கூப்பிட எனக்கு வேறு என்ன காரணம் இருக்கிறது? பதுக்கல் என்றால் பதுக்கல்தான். ஆகவே அவளிடம் நல்ல விலையைப் பற்றி மூச்சு விடாமல், மாமா நெல்லை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கப்போகிறார் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள். டிக்கெட் எடுக்கும்போது கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடுங்கள், அவளுக்கு முழங்கால் வலி உண்டு.